பயத்தை ஏற்றியது யார்?

"அண்ணி... கையை நீட்டுங்க!"

அண்ணியின் அலுவலக அறையில் விலங்கோடு நின்ற இன்ஸ்பெக்டருக்கு வியர்த்துக் கொட்டியது. எத்தனையோ திருடர்களைப் பிடித்தவர்தான். சொந்த அண்ணன் மனைவியைப் பிடிப்பது இதுதான் முதல் முறை!

"என்ன தம்பி, காலங்காத்தால விளையாட்டு?"

"விளையாட்டா?" அவளுடைய எம்.டி. கத்தினார். "திரையைப் பாரும்மா!"

பார்த்தாள்.

பயக் குறியீடு... பதினாலிலிருந்து முப்பதுக்குத் தாவியிருந்தது!

"அண்ணி, பயக் குறியீடுன்னா?"

"பங்குச் சந்தை சரிஞ்சா நஷ்டஈடு தர்ற மாதிரி ஒப்பந்தம் விப்பாங்க, தம்பி. பேரு ஆப்ஷன். பயம் கூடினா அதோட விலையும் கூடும். அந்த விலைகளை வெச்சு, வர்ற மாசம் சந்தை எவ்வளவு ஆடும்னு ஒரு நம்பர் சொல்றது என் வேலை."

"சந்தை இன்னிக்குக் குறட்டை விட்டுத் தூங்குது! நம்பர் மட்டும் ஆடுது!" எம்.டி. மேசையைத் தட்டினார். "அந்த நம்பர் மேலேயே கோடிக்கணக்குல பந்தயம் ஓடுது. கணக்கு இவ கையில. வேற யார் ஏத்துவா? உள்ளே தள்ளுங்க!"

வேலை போகும். மானம் போகும். கம்பி எண்ண வேண்டி வரும். ஆனாலும் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இந்த வரிசையைப் பாருங்க தம்பி. சந்தை பாதியா விழுந்தாதான் பயன்படற ஆப்ஷன்கள். சீந்த ஆள் கிடையாது. இன்னிக்கு யாரோ அடிமாட்டு விலைக்குக் கேட்டிருக்காங்க. அதுவும்... ஒண்ணு விட்டு ஒண்ணு!"

"ஏன் அப்படி?"

"யாரும் கேக்காத ஆப்ஷன் ஒண்ணு வந்தாலே கணக்கை அங்கே நிறுத்திடணும். அது பழைய விதி. புது விதிப்படி, அடுத்தடுத்து ரெண்டு வந்தாதான் நிறுத்தணும். ஒண்ணு விட்டு ஒண்ணு கேட்டா போதும்... கணக்கு நிக்காம ஓடும், அந்த ஆப்ஷன்களும் சேர்ந்து நம்பர் எகிறும். கஞ்சன் பண்ற களவு!"

"புது விதி யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. நேத்து சாருக்குச் சொன்னேன். அவ்வளவுதான்."

"அப்ப நீயேதான்!" எம்.டி. பாய்ந்தார்.

"நான் எப்படி சார்? புது விதின்னு ஒண்ணு கிடையவே கிடையாதே!"

அவள் எம்.டி.யின் பக்கம் திரும்பினாள்.

"போன மாசமே உள்விஷயம் வெளியே கசிஞ்சுது. அதான் உங்ககிட்ட மட்டும் ஒரு பொய் சொன்னேன். இந்த ரூம் திரையில மட்டும் பொய்க் கணக்கை ஓடவிட்டேன். ஊருக்குப் போற நம்பர் இப்பவும் பதினாலுதான். பொய்னு தெரிஞ்ச நான் ஒண்ணு விட்டு ஒண்ணு கேப்பேனா? நம்பினவர்தான் கேப்பார்!"

"ப... பதினாலா?" எம்.டி. அலறினார். "ஐயோ! மச்சான் வீட்டை அடமானம் வெச்சு, நம்பர் ஏறும்னு கட்டியிருக்கானே!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார். நுணலும் தன் வாயால் கெடும்!

விலங்கு கை மாறியது.

எம்.டி.யை ஜீப்பில் ஏற்றிவிட்டு இன்ஸ்பெக்டர் மட்டும் திரும்பி வந்தார். பம்மினார்.

"அண்ணி... இன்னிக்கு நடந்ததை அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. சும்மா உங்களைப் பார்த்துட்டுப் போக வந்தேன்னு சொல்லிடுங்க."

"முடியாது தம்பி. எனக்கு மாசத்துக்கு ஒரு பொய்தான். அதை நேத்தே சார்கிட்ட செலவு பண்ணிட்டேன்!"