ஹாலரன் போட்ட தாளம்

1974 ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. மெல்பேர்னில் பின்னேரம் இரண்டு மணிக்கே வானம் மூடிக் கிடந்தது. வழக்கம்போல் ஒபரா அரங்கின் பின்வாசலால் நுழைந்தேன். வாத்தியக்காரருக்கு இசைத்தாள் அடுக்கி வைப்பது என் வேலை. இசை வாசிக்கத் தெரியாது. கருவாட்டுக் கடைக்குக் காவலிருக்கும் சைவன் மாதிரி.

மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர் இருக்கும் பள்ளம். ஈரக் கம்பளி நாற்றம். அதற்குள் ஒரு பெப்பர்மின்ட் வாசம்.

அது ஹாலரன் ஓயாமல் சப்பியது. அவர் செத்து ஒரு மாதம்.

இருபது வருஷம் அங்கே இசை நடத்தியவர். "கிழவருக்குக் கை நடுங்குகிறது" என்று நிர்வாகத்துக்கு எழுதியவர் உதவி இசை நடத்துநர் விக்னராஜா, எங்கள் யாழ்ப்பாணத்துக்காரர். அந்தக் கை நடுங்கி நான் கண்டதில்லை. சாட்சிக் கையெழுத்து மட்டும் என்னுடையது. ஊர்க்காரன் உயர்ந்தால் நமக்கும் நிழல் என்று நினைத்தேன். வேலையால் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிய ஒன்பதாம் நாள் கிழவர் போய்விட்டார்.

இன்று விக்னராஜாவின் முதல் ஒபரா. கேட்பதற்குச் சிட்னியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். பிடித்துப்போனால் அங்கே தலைமைப் பதவி.

"இசைத்தாளுகளில கிழவன்ர பென்சில் குறியெல்லாம் அழிச்சாச்சோ அண்ணை?" என்று கேட்டார் விக்னராஜா.

"ஓம் தம்பி. மூண்டு நாள் அழிச்சனான். விரல்ல தோல் இல்லை."

"நல்லம். இண்டைக்கு ஒருத்தரும் அவரைத் தேடக்கூடாது."

"தேடாமலே வந்தாரெண்டால்?"

பகிடிக்குத்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

விளக்குகள் அணைந்தன. பக்கக் கதவருகே நின்றேன். விக்னராஜாவின் தாளக்கோல் இறங்கியது.

இசை எழவில்லை.

ஒரு மூச்சு கழித்துத்தான் எழுந்தது. அவர் விரைந்தார், அது விரையவில்லை. கையைத் தாழ்த்தி அடக்கினார், எக்காளங்கள் முழங்கின. வாத்தியக்காரர் அறுபது பேரும் அவரைப் பார்ப்பதாகத்தான் நினைத்தேன்.

இல்லை.

அவருக்கு இடப்பக்கம், ஒரு முழம் தள்ளி, வெறும் இருட்டை.

இடைவேளையில் என் கையைப் பிடித்தார்.

"அண்ணை, பக்கத்தில ஆரோ நிக்கினம். மூச்சு கேக்குது."

"இனி அந்தப் பீடத்தில ஏறாதையும் தம்பி."

"சிட்னிக்காரர் இருக்கினம். எப்பிடி ஏறாமல் விடுறது?"

ஏறினார். மிச்ச நேரமெல்லாம் இனிப்புக் கடையில் ஈ ஓட்டுகிறவன்போல் கையை ஆட்டினார். ஒரு கட்டத்தில் கோலையே கீழே வைத்துவிட்டார். இசை நிற்கவில்லை. அவ்வளவு அழகான இசையை அந்தப் பள்ளத்தில் நான் கேட்டதில்லை. சனம் எழுந்து நின்று கைதட்டியது. பதவி கிடைத்தது.

சிட்னிக்கு என்னையும் கூட்டிப் போனார். புது அரங்கு. புது வாத்தியக்காரர், ஹாலரனைக் கண்ணாலும் காணாதவர்கள். முதல் நிகழ்ச்சி முடிந்து கைதட்டல் அதிர்ந்தது. நடத்துநர் கை காட்டினால்தான் வாத்தியக்காரர் எழுந்து வணங்குவது முறை. விக்னராஜா கை காட்டினார்.

ஒருவரும் எழவில்லை.

மறுபடி காட்டினார். இரண்டு கைகளாலும், கெஞ்சுகிறவர்போல.

அவர்கள் அவருக்கு இடப்பக்கம் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

பிறகு, எல்லோரும் ஒன்றாக எழுந்தார்கள்.