கறல் குழுவின் ஒரே ஒலிப்பதிவு

வெள்ளிக்கிழமை, மாலை 4.10. எத்தாளையில் பல வருடமாக மூடிக்கிடக்கும் ஐஸ் அறையின் பூட்டைத் திறந்து, கில்பட் ஒரு விரலால் கதவை இழுத்தான். பழைய ஸ்பீக்கர் பெட்டி அதே இடத்தில் இருந்தது. அதற்குள் இருக்கவேண்டிய மெமரி கார்ட் இல்லை.

கூட வந்த நப்லா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மௌத்தாகிப்போன அவளது அண்ணன், ரிஃபாஸ் நானாவின் குரல் மிச்சமிருந்தது அந்தக் கார்டில் மட்டும்தான்.

2018இல் 'கறல்', அதாவது துரு, என்றொரு பங்க் றொக் குழு இந்த அறைக்குள் பிறந்தது. ரிஃபாஸ் பாட்டு, கில்பட் பேஸ் கிற்றார், அஃப்ராஸ் டிரம்ஸ். ஆயுள் ஒன்பது மாதம். மேடை ஏறியது நான்கே தடவை. அதில் இரண்டில் கரண்டை நிறுத்தி இறக்கிவிட்டார்கள். பிறகு குழு உடைந்தது. ரிஃபாஸ் கட்டாருக்குப் போனான். அங்கேயே ஒரு விபத்தில் போய், அங்கேயே அடக்கமும் ஆனான்.

4.40. லீவில் ஊர் வந்திருந்த சப் இன்ஸ்பெக்டர் இசபெல் வந்து சேர்ந்தாள். கில்பட்டுக்கு அக்கா முறை.

"சாவி ஆரிட்ட?"

"என்னட்ட மட்டும்தான், அக்கா."

"அப்ப நீதான் கள்ளன்."

கில்பட்டின் முகம் செத்துவிட்டது.

"கார்ட் இங்க இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்?"

"எனக்கும் அஃப்ராஸுக்கும்தான். புதன்கிழமை நப்லா ரெண்டு பேரிட்டயும் வந்து கேட்டவ."

"நானா பாடக்குள்ள ஒரு நாளும் போய்க் கேக்கல்ல மிஸ்," என்றாள் நப்லா. "வீட்டுல பாடினாலும் கத்தாதீங்கண்டு ஏசினன். இப்ப ஒருக்காக் கேட்டாப் போதும்."

இசபெல் பேச்சை மாற்றினாள். "என்ன பாட்டு அதில?"

"ஏழு பாட்டு," என்றான் கில்பட். "முதல் பாட்டுக்கு இந்தக் கதவுதான் தொடக்கம். கறல் பிடிச்ச பிணைச்சல், திறந்தா ஊரே எழும்பும். ரிஃபாஸ் அதையே ரெக்கோட் பண்ணினவன்."

இசபெல் எழுந்துபோய்க் கதவை இரண்டு தரம் திறந்து மூடினாள். வெளிப்பக்கத்தில் கதவைத் தாங்கும் பிணைச்சலில் விரலை வைத்து முகர்ந்தாள்.

5.30. கடற்கரை. அஃப்ராஸ் இப்போது படகு எஞ்சின் திருத்துகிறவன். கழற்றிய போல்ட் ஒவ்வொன்றையும் கிறீஸ் டின்னில் தோய்த்துப் பூட்டிக்கொண்டிருந்தான். மூன்று பேரும் வந்ததைக் கண்டும் கை நிற்கவில்லை.

"ஐஸ் அறைக்குப் போனீங்களா?" இசபெல் கேட்டாள்.

"குழு உடைஞ்ச பொறகு அந்தப் பக்கமே போகல்ல மிஸ்."

"கிறீஸ் எதுக்கு?"

"உப்புக் காத்துதானே. பூசாட்டிப் போல்ட் அடுத்த முறை கழலாது. கை பழகிட்டு."

"அந்தக் கைதான் உங்களக் காட்டிக் குடுத்திட்டு. ஐஸ் அறைக்குப் பிணைச்சல் வெளியில. அதின்ட ஊசியத் தட்டிக் கழட்டினா, பூட்டத் தொடாமலே கதவு வந்திரும். சாவி வச்சிருக்கிற கில்பட்டுக்கு அந்த வேலை தேவையில்ல. கள்ளன் ஊசியத் திரும்பப் போடக்குள்ள கிறீஸ் பூசியிருக்கிறான். இண்டைக்குக் கதவு கத்தவே இல்ல. கார்ட் தேடின அவசரத்தில இவங்க ரெண்டு பேரும் அதக் கவனிக்கல்ல."

அஃப்ராஸ் கையைத் துடைத்தான். சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து நப்லாவிடம் நீட்டினான்.

"அழிக்க மனசு வரல்ல. அவன்ட குரலும் போயிடுமே. கடைசி நாள் சண்டை அதில இரிக்கி. எங்கயாச்சும் போய்த் தொலைடாண்டு சொன்னன். அவன் போயிட்டான். அத நீங்க கேட்டிரக் கூடாதெண்டுதான் எடுத்தன்."

"முழுக்கக் கேட்டீங்களா?" என்றாள் நப்லா.

"இல்ல. அந்த இடத்தோட நிப்பாட்டிட்டன்."

நப்லா கார்டைத் தன் ஃபோனில் போட்டாள். ரிஃபாஸ் பாடினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஏழு பாட்டும் முடியும்வரை அழுதாள். பிறகு சண்டை வந்தது. அஃப்ராஸ் மணலைப் பார்த்தபடி நின்றான். பதிவில் அவனது காலடிச் சத்தம் தூரப்போனது. நப்லா நிறுத்தவில்லை.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ரிஃபாஸ் தனியாக, மைக்குக்குப் பக்கத்தில் வந்து, சிரிப்போடு பேசினான்.

"இண்டைக்கு இவ்வளவுதான். அஃப்ராஸுக்குக் கோபம். நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்திருவான். எட்டாவது பாட்ட அவன் வந்த பொறகு எடுப்பம்."

"அடுத்த நாள் நான் போகல்ல," என்றான் அஃப்ராஸ்.