வெட்டி எடுத்த இடம்

ஸ்கேன் அறை ஆஸ்பத்திரியின் நிலத்தடித் தளத்தில் இருந்தது. பினாயில் வாசனை. எலும்பில் இறங்கும் ஏசிக் குளிர். தையல்காரி கம்மலையும் வளையலையும் கழற்றிக் கணவன் கையில் கொடுத்தாள்.

"பத்திரம். வித்துட்டு ஓடிடாதீங்க."

"இதை வித்தா பஸ்ஸுக்கே பத்தாது. நீ போ."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து வெகுநாளாகியிருந்தது. கடைசியாக வலிப்பு வந்தபோது அவள் இடுப்பில் கைக்குழந்தை இருந்தது. அடுப்புக்கு ஒரு சாண் தள்ளி விழுந்ததால் பிழைத்தது.

வலிப்பு வருபவர்களின் மூளையைப் படமெடுத்து, அவர்களுடைய நினைவும் நடத்தையும் ஏன் மாறுகின்றன என்று ஆராய்பவர் அங்கிருந்த டாக்டரம்மா. ஒவ்வொரு வலிப்புக்கு முன்பும் தன் முதுகுக்குப் பின்னால் ஒருவன் வந்து நிற்பதாகத் தையல்காரி சொன்னதைக் கேட்டு, அவள் கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்.

"அவன் வந்ததும் அமுக்குங்க. நாங்க கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் இருப்போம்."

இயந்திரம் தடதடத்தது. இயந்திரக் குழலுக்கு வெளியே நீட்டியிருந்த மனைவியின் பாதங்களையே கணவன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விரல்கள் மடங்கின.

பட்டன் விளக்கு எரிந்தது. திரையில், மூளையின் ஓரத்தில் ஒரு புள்ளி கங்கு போலக் கனன்றது. பிறகுதான் உடம்பு வெட்டி இழுத்தது. எல்லோரும் உள்ளே ஓடினார்கள்.

மறுநாள் டாக்டரம்மா படத்தைக் காட்டினார். "பக்கத்துல ஆள் இருக்குன்னு நமக்குச் சொல்ற இடம் இது. இவங்களுக்கு இங்க ஒரு தழும்பு இருக்கு, அதான் பொய் சொல்லுது. இதை எடுத்துட்டா வலிப்பும் நிக்கும், அவனும் போயிடுவான்."

வார்டில் தனியாக இருந்தபோது அவள் கணவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் என்னைத் தொட வர்றப்பதாங்க வலிப்பு வரும். அது வந்தாத்தான் அவன் விலகுவான். வலிப்பே வரலைன்னா அவனை யாரு தடுக்கிறது?"

"பொய்னு படம் போட்டே காட்டிட்டாங்களே. குழந்தையை நினைச்சுப் பாரு."

குழந்தையை நினைத்தாள். தலையாட்டினாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு வலிப்பு ஒருமுறைகூட வரவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பயமில்லாமல் நடந்தாள். தையல் இயந்திரத்தின் முன் பாட்டு முணுமுணுத்தாள். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது கணவனுக்கு.

பரிசோதனைக்காக மறுபடி அதே அறை. திரையில், வெட்டி எடுத்த இடம் கரும்பள்ளமாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் அமைதி.

"ரொம்ப நல்லா..." என்று தொடங்கிய டாக்டரம்மா நிறுத்தினார். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்.

மனைவியின் கால்மேல் போர்த்திய போர்வை, ஓரத்தில் மெதுவாக அமுங்கியது.

யாரோ உட்கார்ந்தது போல.

அவள் பாதங்கள் அசையவில்லை. பட்டன் விளக்கும் எரியவில்லை.

"உள்ள யாரு போனாங்க?" டாக்டரம்மா கேட்டார்.

யாரும் போகவில்லை. அது இருவருக்குமே தெரியும்.

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். கணவன் அவர் பக்கம் திரும்பினான்.

"மேடம்... அந்த இடத்தைத் திருப்பி வெச்சிட முடியுமா?"

"வெட்டி எடுத்ததுங்க அது." அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "இனி ஒண்ணும் பண்ண முடியாது."

தையல்காரி உற்சாகமாக வெளியே வந்தாள். எல்லாம் நல்லபடி என்று அவளிடம் சொன்னார்கள். வேறென்ன சொல்வது? குழந்தை அழும் என்று அவசரப்பட்டு, முன்னால் படியேறினாள். கணவன் கீழ்ப்படியிலேயே கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டான்.

மேலே, திருப்பத்துக்கு அப்பால், அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"என்னங்க இது, இவ்வளவு ஒட்டிக்கிட்டு வர்றீங்க? கழுத்துல மூச்சு படுது, கூசுதுங்க!"