பேரை மட்டும் தர மாட்டேன்

“யாருக்குடி குடுத்த? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்!”

புவனேந்திரன் போட்ட சத்தம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டி நின்ற பத்து வீடுகளுக்கும் கேட்டது. கொழுந்து பறிக்கப் புறப்பட்ட பெண்கள் கூடையோடு அப்படியே நின்றார்கள். காலை ஆறரை மணிக்கு ஊரைக் கூட்டிப் பெண்டாட்டியை விசாரிக்கிற வீரம் சில ஆண்களுக்கு உண்டு. அதை வாங்கிக்கொண்டு நிற்கிற பொறுமை ஜீவராணிக்குப் பதினாலு வருடமாக இருந்தது. அன்றைக்கு அது தீர்ந்துகொண்டிருந்தது.

“நான் யாருக்கும் குடுக்கலைங்க...”

“அப்ப எப்படி ஒம் பேர்ல கணக்குத் தொறந்தான்? ஐடி படம் போயிருக்கு. ஒன் ஃபோனுக்கு வந்த ரகசிய நம்பரும் போயிருக்கு. எவனோ இனிக்க இனிக்கப் பேசியிருக்கான், நீயும் மயங்கி...”

“நிறுத்துங்க!”

இரண்டு நாளைக்கு முன்தான் பண்டாரவளைப் பொலிஸிலிருந்து அழைப்பு வந்தது. ஜெயமலர் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியைக்குப் பரிசு விழுந்திருப்பதாகச் சொல்லி, அவர் சேமித்ததையெல்லாம் எவனோ பிடுங்கியிருந்தான். பணம் போய் விழுந்த கணக்கு ஜீவராணியின் பெயரில் இருந்தது. ஃபோனிலேயே தொடங்கிய கணக்கு. இன்று பத்து மணிக்கு அவள் வாக்குமூலம் கொடுக்க வேண்டும்.

அழைப்பு வந்த அன்றே, கணக்குத் தொடங்க அனுப்பிய படத்தைப் பொலிஸில் அவளுக்குக் காட்டினார்கள். அவளுடைய அடையாள அட்டைதான். அட்டைக்கு அடியில் ஒரு படங்குச் சாக்கு, அதில் நீலப்பூத் துணியில் ஓர் ஒட்டு. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற அந்தப் படங்கு மாமியார் ரெங்கம்மாவுடையது. ஒட்டுப் போட்டுத் தைத்தவளே ஜீவராணிதான்!

அந்த லயத்தில் பல வீடுகளில் உள்ள வழக்கம்தான், வீட்டிலுள்ள எல்லாருடைய அட்டையும் மூத்தவரிடம் இருக்கும். இந்த வீட்டில் ரெங்கம்மாவின் பிஸ்கட் டின்னுக்குள். ஜீவராணி இரண்டு தரம் தன் அட்டையைக் கேட்டாள். “ஏன், நான் என்ன களவாணியா?” என்று ரெங்கம்மா கண் கலங்கியதும் கேட்பதை விட்டுவிட்டாள். ஃபோனும் அப்படித்தான். அவள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது வீட்டில் சார்ஜில் கிடக்கும். கொழும்பிலிருக்கும் மகளோடு ரெங்கம்மா அதில்தான் பேசுவார், படம் எடுத்து அனுப்புவார்.

எல்லாம் தெரிந்தும் ஜீவராணி வாயைத் திறக்கவில்லை. அறுபத்தேழு வயது, பிரஷர்காரி... பொலிஸ் வாசலில் எப்படி நிறுத்துவது? அத்தை தானாகச் சொல்வார் என்று காத்திருந்தாள். இரண்டு நாளாக ரெங்கம்மா அடுப்படியை விட்டு எழவுமில்லை, ஒரு வாய் சாப்பிடவுமில்லை, ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. புருஷன் ஏசியதைவிட அந்த மௌனம்தான் ஜீவராணியைக் கொன்றது.

புவனேந்திரன் குரலை இறக்கினான். “இங்க பாரு. ஐடி தொலைஞ்சு போச்சு, ஃபோனையும் யாரோ எடுத்துட்டாங்கன்னு சொல்லிக் கையெழுத்துப் போடு. மானம் போகாம முடிச்சுக்கலாம்.”

“தொலையலையே. டின்னுக்குள்ளதானே இருக்கு.”

“எதுத்துப் பேசுறியா?”

“ஆமாங்க, பேசுறேன்! ஒங்க ஆட்டோவுக்கு என் நகையைக் கேட்டீங்க, கழட்டிக் குடுத்தேன். அத்தைக்கு ஆப்பரேஷன்னு எல்ல டவுன்ல கெடைச்ச ஹோட்டல் வேலையை விடச் சொன்னீங்க, விட்டேன். எங்கப்பா நாப்பது வயசு வரைக்கும் இந்த அட்டை இல்லாம, இலங்கையா இந்தியாவா, எந்த நாட்டு ஆளுன்னே தெரியாம கெடந்தாரு. எனக்குன்னு இருக்கிறது இந்தப் பேரு ஒண்ணுதான். அதை எவனோ திருடிட்டான். நானும் பொய் சொல்லி மிச்சத்தையும் குடுக்கணுமா? மாட்டேன்!”

அடுப்படியில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. ஜீவராணி திரும்பிப் பார்க்கவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். ஹாலிஎல தாண்டிப் பண்டாரவளைப் பொலிஸ் வாசலில் புவனேந்திரன் ஆட்டோவை நிறுத்தினான்.

தமிழ் தெரிந்த சார்ஜன்ட் அஸீஸ் எழுதத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

“அட்டைப் படத்தை நீங்க அனுப்பினீங்களா?”

“இல்லைங்க.”

“அப்ப வீட்டுல யாரு?”

“அதை நான் சொல்ல மாட்டேங்க.”

“பாருங்க தங்கச்சி, நீங்க சொல்லாட்டி சந்தேகம் உங்க மேலதான் விழும்.”

“விழட்டுங்க. சந்தேகப்படுறதா எழுதிக்குங்க. நான் குடுத்தேன்னு மட்டும் எழுதாதீங்க. அதுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“பைத்தியமாடி ஒனக்கு!” என்று புவனேந்திரன் பல்லைக் கடித்தான்.

“அவளை ஏசாதடா!”

வாசலில் ரெங்கம்மா நின்றார். அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் தனியாக வந்திருந்தார். மூச்சு வாங்கியது. கையில் அந்தப் பிஸ்கட் டின்.

“நான்தாங்க ஐயா குடுத்தேன்... கவர்மெண்டு குடுக்கிற புது வீட்டுக்கு லிஸ்ட் போடுறோம், இன்னைக்கு நாலு மணியோட முடியுதுன்னு ஒருத்தன் ஃபோன்ல சொன்னான். அம்மா, அம்மான்னு அம்புட்டு மரியாதை! லிஸ்ட்டுன்னு வந்தா யாரு என்னன்னு நாங்க கேக்கிறதா? கேட்டா பேரை வெட்டிருவாங்கன்னு பயம். மடியில படங்கை விரிச்சுப் படம் புடிச்சு அனுப்பினேன். வந்த நம்பரையும் வாசிச்சுச் சொன்னேன்...”

புவனேந்திரன் அம்மாவின் பக்கம் திரும்பினான். “ஏம்மா... என் ஐடியும் டின்னுலதானே இருந்துச்சு? அவளோடத எதுக்கு?”

“வீடு அவ பேர்ல வரணும்டா! ஒம் பேர்ல வந்தா ஒருநாள் குடிச்சிட்டு எவனுக்காவது எழுதிக் குடுத்துருவ. நான் கண்ணை மூடின பொறகு அவளை யாரும் வெளிய போன்னு சொல்லக்கூடாதுன்னு நெனச்சேன்... கடைசியில நானே அவளைப் பொலிஸ்ல நிறுத்திட்டேனே!”

ஜீவராணி எழுந்து அத்தையிடம் ஓடினாள். இரண்டு நாளாக அடக்கிய அழுகை உடைந்தது.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை...”

“பயந்துட்டேன் தாயி. நீ வெறுத்துருவியோன்னு பயந்துட்டேன்...”

மாமியாரும் மருமகளும் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்து அஸீஸ் பேனாவைக் கீழே வைத்தார். “அம்மா, ஏமாந்தது குற்றமில்ல. அந்த நம்பர் ஃபோன்ல இருக்குமே, குடுங்க. இதைச் சந்தேகநபர் வாக்குமூலமா இல்ல, ஏமாத்தினவன் மேல முறைப்பாடா எழுதுவோம்” என்றார்.

ரெங்கம்மா டின்னைத் திறந்து ஜீவராணியின் அட்டையை எடுத்து அவள் கையில் வைத்தார். “இனி ஒன் சாமான் ஒங்கிட்டயே இருக்கட்டும்” என்றார். ஜீவராணி வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் ஆட்டோ லயத்து வாசலில் வந்து நின்றபோது கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். “ஸல்மாக்கா, எல்லாரும் வாங்க! வீட்டு லிஸ்ட்டுன்னு ஒங்களுக்கும் ஃபோன் வந்துச்சா?” என்று ஜீவராணி கூப்பிட்டதும் நாலைந்து முகங்கள் வெளிறின. நடந்ததை ரெங்கம்மா தன் வாயாலேயே சொன்னார்.

புவனேந்திரன் மனைவியின் அருகில் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தான்.

“நான் தப்பாப் பேசிட்டேன், ராணி. மன்னிச்சிரு...”

ஜீவராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள்.

“இப்படிச் சொன்னா யாருக்குங்க கேக்கும்? காலையில போட்ட சத்தத்துல சொல்லுங்க.”