பட்டியலில் இல்லாத குடை

இரணியல் ரயில் நிலையத்தில், பட்டப்பகலில், ரயில்வே போலீஸ்காரரின் மூக்குக்கு நேரே, பிரீனா முன்பின் தெரியாத ஒருவனுக்குப் பதினேழு துப்பாக்கியும் ஒரு பீரங்கியும் எடுத்துக் காட்டினாள். அவனோ அத்தனையையும் தள்ளிவிட்டு, அவள் மனதை மட்டும் வாங்கிக்கொண்டு போனான்! ஊரே நம்பிய இந்தச் சங்கதியை நம்பாதவர் ஒரே ஒருவர்... அவளுடைய அப்பா ராஜையன்.

அன்றைக்கு மழையென்றால் மழை... தண்டவாளத்தில் ரயிலுக்குப் பதில் வள்ளம் வந்திருந்தாலும் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். பிரீனா பெஞ்சில் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஞாயிறுதோறும் திருவனந்தபுரத்தில் நண்பர்களோடு மேசையில் ஆடும் ஆட்டத்துக்கு அவளே வரைந்தவை. கடல் விழுங்கி, அமில மழை பெய்யும் ஒரு வருங்கால நகரம். கம்பெனிகள் ஆளும் இருட்டுத் தெருக்கள். உடம்பையே இயந்திரமாக்கிக்கொள்ளும் மனிதர்கள். ஆட்டக்காரருக்கு ஆளுக்கொரு கதாபாத்திரம், அதற்கு அட்டைகளிலிருந்து ஐந்தே ஐந்து பொருள்.

ஒரு காற்று... அட்டைகள் பறந்தன. நனைந்துகொண்டே பொறுக்கி வந்த ஒருவன் இடது கையால் நீட்டினான்.

இடக்கையால் தந்தால் ராஜையன் வேதப்புத்தகத்தைக்கூட வாங்க மாட்டார். மகளின் நாக்கு முந்தியது.

"இடக்கையாலயா தாறது? வலக்கைய பெட்டியில வச்சுப் பூட்டியிருக்கியளோ?"

அவன் மழைக்கோட்டை விலக்கினான். வலது முழங்கைக்குக் கீழே சட்டைக்கை வெறுமையாய்த் தொங்கியது.

"மஸ்கட்ல விட்டுட்டு வந்தேன். அங்க ஒரு மெஷினுக்கு அது பிடிச்சுப்போச்சு."

சிரித்தான். கண்கள் சிரிக்கவில்லை. ஐயோ... இந்தக் கண்களில் எத்தனை நாள் மழை!

பெயர் ஷிஜின். திருவனந்தபுரத்தில் செயற்கைக் கைக்கு அளவு கொடுக்கக் கிளம்பியவன். இதற்குமுன் இரண்டு தடவை இதே பெஞ்சுவரை வந்து, வண்டியைக் கண்டதும் வீட்டுக்குத் திரும்பிவிட்டான்.

"இன்னைக்கும் திரும்பிட்டா, பெறகு வரமாட்டேன்" என்றான்.

பிரீனா அட்டைகளை அவன் பக்கம் நகர்த்தினாள். "வண்டி வாற வரைக்கும்... இந்த ஆட்டத்துல ஒங்க ஆளுக்கு அஞ்சு பொருள் எடுங்க பாப்போம்."

துப்பாக்கி அட்டைகளைப் பரப்பினாள். நடுவே இரும்புக்கை அட்டை வர, சட்டென்று மறைத்தாள்.

"ஏன் ஒளிக்கிய? எனக்கு அது வேண்டாம். அதப் போட்டா எல்லாரும் கையத்தான் பாப்பாவ. ஆளப் பாக்கமாட்டாவ."

வெட்டுகத்தி, புகைக்குண்டு, கள்ளச்சாவி, இருட்டில் காணும் கண்ணாடி எடுத்தான். ஐந்தாவதாக, "குடை" என்றான்.

"பீரங்கி இருக்கும்போ குடையா? பட்டியல்லயே இல்ல!"

"அமில மழை பெய்யும்னு நீங்கதான எழுதியிருக்கிய?" குரல் இறங்கியது. "குடையப் பிடிச்சா எனக்கு வேற எதையும் பிடிக்க முடியாது. மழைன்னா வீட்டுக்குள்ளயே இருந்திருவேன். ஆட்டத்துல எனக்க ஆளாவது வெளிய நடக்கட்டும்..."

அவள் எழுதினாள்: குடை.

வண்டி வந்தது. அவன் எழவில்லை. பெட்டிக்கும் கூரைக்கும் நடுவே மழை சுவராய் நின்றது. பிரீனா அப்பாவின் கறுப்புக் குடையை விரித்தாள்.

"எந்திரிங்க. குடைய நான் பிடிக்கேன்."

எழுந்தான்.

திருவனந்தபுரத்தில் குடையை அவனிடமே கொடுத்துவிட்டு, நனைந்து வீடு திரும்பினாள். போன் நம்பர் வாங்க மறந்துபோனாள், பைத்தியக்காரி!

"ஏட்டி, எந்தப் பயலாவது பீரங்கிய விட்டுட்டுக் குடைய எடுப்பானா?" என்றார் ராஜையன். "எனக்க குடையத் தொலைச்சிட்டுப் புளுகா அடிக்கா!"

நாலு மாதம்... ஒரு சேதியும் இல்லை. அவன் அளவு கொடுத்தானா, அடுத்த வண்டியிலேயே திரும்பிவிட்டானா? உயிரோடு இருக்கிறானா என்றுகூட நினைத்தாள். அப்பா பார்த்த மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்த அன்றும் அதே மழை. தலை குனிந்தே சாயா கொடுத்தாள்.

வாசலில் ஒரு கறுப்புக் குடை... அதைப் பிடித்திருந்தது ஒரு செயற்கைக் கை.

"கை வந்தாச்சு" என்றான் ஷிஜின், அவளை மட்டும் பார்த்து. "குடையும் பிடிச்சு நடந்தாச்சு. ஆனா... நீங்க பிடிச்சது மாதிரி இல்ல. ஆயுசுக்கும் நீங்களே பிடிப்பியளா?"

"பிடிக்கேன்..." கண்ணீர் வார்த்தையை நனைத்தது.

அவன் குடையை மடக்கி, ராஜையனிடம் இடது கையால் நீட்டினான்.

"வலக்கைதான் வந்திட்டே" என்று அவர் முறைத்தார்.

"அது செஞ்சது மாமா. இதுதான் எனக்க சொந்தக் கை."

குடைத்துணியின் ஓரத்தில் வெள்ளை நூல்... ராஜையன், இரணியல். அவரே தைத்தது; அதை வைத்துத்தான் அவன் வீட்டைக் கேட்டு வந்திருக்கிறான். அந்த எழுத்தை விரலால் தடவினார். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, வந்தவர்களிடம் திரும்பினார்.

"சாயா குடிச்சிட்டுப் போங்க மக்களே... அந்த ஸ்டேஷன் கதை உள்ளதாக்கும், புளுகில்ல."