உறைக்குள் ஈரம்

உறையின் உட்புறம் வியர்த்திருந்தது.

பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நின்று அவள் கைபேசியைத் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் அதை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, புதிய பிளாஸ்டிக் உறையில் போட்டு மூட வேண்டும் என்பது விதி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்து மூட அலுப்பாக இருந்தது. மூன்று நாட்களாக ஒரே உறை. சாப்பிடும்போது, கழிவறையில், தலையணைக்கு அடியில், எங்கும் அந்த உறையோடுதான். மூடித்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது திரைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே சளி போல ஏதோ நகர்ந்தது. அழுகத் தொடங்கிய திராட்சையின் இனிப்பு வாசனை அடித்தது. மூடிய உறையிலிருந்து வாசனை எப்படி வரும்?

முதல் நாளே சிஸ்டர் சொல்லியிருந்தார். "கக்கூஸுக்குக்கூடப் போனைத் தூக்கிட்டுத்தானே போறீங்க? அதே கையோட புள்ளையத் தொட்டா, செருப்பை நக்கக் குடுத்த மாதிரிம்மா." சுற்றியிருந்த தாய்மார்கள் சிரித்தார்கள். அவளும்தான்.

கைகளைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். இன்குபேட்டரில் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு கிலோ முந்நூறு கிராம். மூக்கில் செருகிய குழாய் வழியாகத்தான் பால். தானாகச் சப்பிக் குடிக்கத் தெரிந்துவிட்டால் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாற்பது நாட்களாகிவிட்டன. எதை வாயில் வைத்தாலும் உதடு அசையவில்லை.

கைபேசி அதிர்ந்தது. கப்பலில் வேலை செய்யும் கணவன். மகனை அவன் இன்னும் பார்த்ததில்லை. வீடியோவில் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்றான்.

"ஒரே ஒரு நிமிஷம், அந்தக் கவரை எடுத்துட்டுக் காட்டேன். என் குரலையாவது கேக்கட்டும்."

சிஸ்டர் பக்கத்துக் குழந்தையிடம் குனிந்திருந்தார். அவள் உறையை உரித்தாள். வெந்த தோல் போல, நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. விரல்கள் பிசுபிசுத்தன. மேலங்கியில் துடைத்தாள், இருமுறை. சுத்தமாகிவிட்டதாகத் தோன்றியது. இன்குபேட்டரின் வட்டத் துளை வழியாகக் கையை விட்டு, மகன் முகத்தருகே பிடித்தாள்.

"தங்கம், அப்பா பேசுறேன்டா."

ஸ்பீக்கரின் சிறு துளைகளிலிருந்து குரல் வந்தது. கூடவே ஒரு சொட்டு. பச்சையாக. பிறகு துளைக்கு ஒரு சொட்டு.

மகன் முகத்தைத் திருப்பினான். வாய் திறந்தது.

இழுத்தாள். அதற்குள் உதடுகள் கைபேசியின் முனையைக் கவ்வியிருந்தன. பலமாக இழுத்தாள். வரவில்லை. ஒரு கிலோ முந்நூறு. வரவில்லை.

அவன் கன்னம் குழிந்தது. உள்ளங்கையில் கைபேசி வெதுவெதுத்தது. இளகியது. பால் கட்டிய மார்பு போல விண்ணென்று துடித்தது.

கத்தப் போனாள்.

சிஸ்டர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். அவள் தோளுக்கு மேலாக அவருக்குத் தெரிந்தது குழந்தையின் தாடை மட்டும்.

"அட, சப்புறானே. ஒருவழியா கத்துக்கிட்டான் பாருங்கம்மா."

பிஞ்சுத் தொண்டை ஏறி இறங்கியது. ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு. கடைவாயில் வழிந்த பச்சையை, நாக்கை நீட்டி, ஒரு சொட்டு விடாமல் உள்ளே இழுத்துக்கொண்டான்.