கடலைப் பார்த்துக் கூவியவள்

கடலில் குளித்துவிட்டு வந்த தம்பியின் தலையில் ஈரமே இல்லை.

சந்தனமாரி துண்டை நீட்டியபடி வாசலில் நின்றாள். செல்வக்குமாரின் டவுசரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, முதுகில் மணல் அப்பியிருந்தது, கால் விரல் இடுக்கில் பாசிகூட இருந்தது. தலைமுடி மட்டும் காலையில் சீவிய மாதிரியே கலையாமல் கிடந்தது. முங்காமல் குளித்திருப்பான் என்று அவளே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். இந்த மனசு இருக்கிறதே, பயம் வந்துவிட்டால் முதலில் அது வக்கீல் வேலைதான் பார்க்கும்.

அப்பா நந்தகோபாலும் போய், அம்மாவும் போன பிறகு அவளுக்கென்று மிச்சமிருப்பது இந்த ஒரு தம்பிதான். அவனும் திருப்பூர் பனியன் கம்பெனியில் ராத்திரி பகல் பார்க்காமல் கிடந்து, மூஞ்சி வெளிறிப்போய் வந்திருந்தான். அவளுக்கோ கோவில்பட்டி ஸ்கேன் சென்டரில் நாள் முழுக்க ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை. "எங்கயாச்சும் போயி ரெண்டு நாளு சும்மா கெடப்போம்லே" என்று அவள்தான் போனில் படம் பார்த்து, வேம்பாருக்குத் தெற்கே, பக்கத்தில் ஆளில்லாத கரையில் நாலு தென்னைக்கு நடுவே இருந்த இந்த வீட்டைப் பிடித்தாள். விளாத்திகுளம் தாண்டியும் வெகுதூரம் கரிசக்காடு, மிளகாய்ச் செடி, உடைமரம். அப்புறம் திடீரென்று நீலம். பைக்கை நிறுத்திவிட்டு அவன் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தான். எத்தனை நாளாச்சு இவன் இப்படிச் சிரித்து என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் மீன்குழம்பு. அப்புறம் வலை ஊஞ்சலில் நல்ல தூக்கம். வெயில் தாழ்ந்ததும் அவன் தண்ணீரில் இறங்கினான். நீச்சல் தெரிந்தவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது சொந்த ஊரில், புதூர்ப் பக்கத்துக் கிணற்றில் பழகிய நீச்சல். கிணற்றில் எந்தப் பக்கம் போனாலும் கைக்கு ஒரு சுவர் தட்டுப்படும். இங்கே சுவரைத் தேடிப் போகிறவன் மாதிரி போய்க்கொண்டே இருந்தான். தலை ஒரு புள்ளியாகத் தெரிந்தது, கொஞ்ச நேரத்தில் அந்தப் புள்ளியையும் காணோம்.

பேரைச் சொல்லிக் கத்திப் பார்த்தாள். காற்று அதை வாங்கிக்கொண்டு வேறெங்கோ போனது. அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தாள். இரண்டு கையையும் வாயருகே குவித்து, பொழுது சாயும்போது ஆடுகளைக் கிடைக்குத் திருப்ப அப்பா கூவுவாரே, அந்தக் கூவலை அடிவயிற்றிலிருந்து எடுத்தாள்.

"ஓ… பா… பா… பா…"

ஆடு மேய்த்த அவர்கள் குடும்பத்தில் அந்தக் கூவலுக்கு ஒரு முறை உண்டு. அடுத்தவர் மேய்ச்சலில் நின்று கூவக் கூடாது. எது கேட்டுக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது. வந்துவிட்டால் அதை விரட்டவும் கூடாது. யாருடையதாக இருந்தாலும் தண்ணி காட்டி, அன்று ராத்திரிக்கு உள்ளே அடைக்கத்தான் வேண்டும். கடல் யாருடைய மேய்ச்சல் என்று அந்த நேரத்தில் யார் யோசிப்பார்கள்? பாவம், தம்பி கண்ணில் பட்டால் போதும் என்று தவித்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் பார்க்காத திக்கிலிருந்து, முழங்கால் தண்ணீரில் அவன் நடந்து வந்தான். தலையைக் குனிந்துகொண்டு, ஒரே சீராக. சந்தோஷத்தில் அவள் அழுதே விட்டாள். கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள். துண்டெடுத்துத் திரும்பிப் பார்த்தபோதுதான் அந்தத் தலை.

"தண்ணி வேணும்க்கா" என்றான்.

சொம்பில் மோந்து கொடுத்தாள். அவன் சொம்பைத் தொடவில்லை. மண்டி போட்டு, வாளிக்குள் வாயை வைத்தான். மிடறு மிடறாக அந்தச் சத்தம் அறை முழுக்க நிறைந்தது. ஓட்டுக்கு மேலே தென்னை ஓலை உரசுகிற சத்தத்தையும், வெளியே அலை வந்து மணலை இழுத்துக்கொண்டு போகிற சத்தத்தையும் மீறி, நிறுத்தாமல், மூச்சுக்கூட வாங்காமல் அவன் குடித்துக்கொண்டே இருந்தான்.

"ஏலே, என்ன கிறுக்கு இது? எந்திரி."

"தாகமா இருக்குக்கா."

அவன்மேல் மீன் வாடை அடித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். மழையில் நனைந்த ஆட்டு மயிர் வாடை அடித்தது. ஆட்டையெல்லாம் விற்று வருஷம் எவ்வளவோ ஆகிவிட்டது. விளக்கைப் போட நகர்ந்தாள்.

"எக்கா…"

வெளியே இருந்து.

ஜன்னலுக்குப் போனாள். வீட்டுக்குப் பின்னால் பொழுது விழுந்துகொண்டிருந்தது. கடல் மேலே கொஞ்சம் வெளிச்சம் பாக்கி இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் செல்வக்குமார் நின்றான். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான்.

"எக்கா, உன்கூட அங்கன யாரு இருக்கா? வெளிய வந்துரு!"

திரும்பினாள். வாளியிலிருந்து முகத்தை எடுத்து, தம்பி அவளைப் பார்த்தான். மோவாயில் தண்ணீர் வழிந்தது. "போகாதக்கா. நான் இங்கனதான இருக்கேன்."

எது தம்பி என்று தெரிந்தாக வேண்டும். அவளுக்கும் அவனுக்கும் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்றை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டாள்.

"அம்மா செத்த அன்னைக்கு நீ எங்கலே ஒளிஞ்சு கெடந்த?"

"குட்டி அடைக்கிற கூட்டுக்குள்ள."

இரண்டு குரல். ஒரே நேரத்தில். ஒன்று அறைக்குள்ளே, ஒன்று அலைக்கு அப்பால்.

அவள் ஓடினாள். வீட்டுக்குள் இருப்பதோடு அடைபட்டுக் கிடக்க முடியாது, அவ்வளவுதான் தெரிந்தது. மணலில் விழுந்து எழுந்து ஓடி, தண்ணீருக்குள் இறங்கி, நின்றவனின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக் கரைக்கு இழுத்தாள். அவன் அடக்கமாகப் பின்னால் வந்தான். இழுக்கிற பாரமே இல்லை.

"வந்துட்டியாலே" என்றாள். "எஞ்சாமி. வந்துட்டியா."

"தண்ணி வேணும்க்கா" என்றான்.

கையை உதறினாள்.

அவனுக்குப் பின்னால் தண்ணீர் பிளந்தது. ஒரு தலை. காய்ந்த தலை. அதற்கு அடுத்து இன்னொன்று. அலை இறங்கும்போதெல்லாம் தோள்கள் தெரிந்தன, முழங்கைகள் தெரிந்தன. ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, ஒருவர் முதுகில் ஒருவர் தாடையை வைத்துக்கொண்டு ஏறி வந்தார்கள். எல்லாம் செல்வக்குமார். எல்லாம் அவள் தம்பி. சின்ன வயதில் விழுந்த புருவத்தழும்பு முதற்கொண்டு.

"எக்கா."

"எக்கா, நான்தான்."

"எக்கா, தாகமா இருக்கு."

நூறு ஆட்டில் எந்தக் குட்டி எந்தத் தாய்க்கு என்று முகம் பார்த்துச் சொன்னவள் அவள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

அப்போது தூரத்தில், எல்லோருக்கும் பின்னால், ஒரு கை தெரிந்தது.

அது கையாட்டல் இல்லை. தண்ணீரை அறைந்தது. முங்கியது. மறுபடி மேலே வந்தது. நெற்றியில் அப்பிய ஈர முடி. திறந்த வாய். அந்த வாய் அக்கா என்று கூப்பிடவில்லை; மூச்சுக்கே வழியில்லாதவன் யாரைக் கூப்பிடுவான்? அத்தனை பேரும் அவள் கூவலுக்கு வந்துகொண்டிருக்க, அது ஒன்றுதான் வர முடியாமல் கிடந்தது.

"செல்வம்!"

பாய்ந்தாள். முடியவில்லை. தண்ணித் தொட்டியை ஆடுகள் மொய்க்கிற மாதிரி அவளைச் சுற்றி மொய்த்துவிட்டார்கள். தொடையில் முட்டினார்கள். இடுப்பில் முட்டினார்கள். அடித்தாள். கடித்தாள். ஒருவரும் திருப்பி அடிக்கவில்லை. சும்மா நெருக்கினார்கள். நனைந்த மயிர் வாடை மூக்கை அடைத்தது.

"விடுங்கலே! எந்தம்பிலே அது! விடுங்க!"

கை மேலே வந்தது.

விரல்கள் மட்டும்.

அப்புறம் கடல்.

இரைச்சல் நின்றது. எக்கா எக்கா என்ற அத்தனை வாயும் ஒன்றாக மூடின. வீட்டுக்குள் விட்டு வந்தவனும் இறங்கி வந்து கூட்டத்தோடு சேர்ந்துகொண்டான். காய்ந்த தலைகளை நிமிர்த்தி, எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பொறுமையாக நின்றார்கள்.

சந்தனமாரி கரைப் பக்கமாக ஒரு எட்டுப் பின்வாங்கினாள். அத்தனை பேரும் அவளோடு ஒரு எட்டு வைத்தார்கள்.